கோட்டுக்குக் கீழே

புரசைவாக்கம்,
சென்னை.
14-8-1956

அன்புத் தங்கை சாலிஹாவுக்கு, அண்ணன் ஹனீப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருக்கிறேன். உம்மாவின் முழங்கால் வலியும் உன் இருமலும் எப்படி என்று எழுது.

உம்மாவுக்கு என் ஸலாம் சொல். முதலாளி பரசுராமன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். பிறகு அவரை லாரி ஆபீஸில் விடுகிறேன். மாலையில் எல்லாரையும் திரும்பக் கொண்டுவருகிறேன். முன்னே ஓட்டிய கவரைப்பேட்டை மில் லாரியை நினைத்தால் இது ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது மாதிரி. வேளைக்குச் சாப்பிடுகிறேன். தொழுகையை விடவில்லை. உம்மா கடிதத்தில் காட்டி அனுப்பும் சாம்பிராணிப் புகையின் வாசம் ஷெட்டின் பெட்ரோல் வாசத்தையும் மீறி வருகிறது. என்னோடு ஷெட்டில் தங்கியிருக்கும் மெக்கானிக் துளசிராமன், "இன்னா பாய், ஒங்கம்மா லெட்டரா? கோயிலுக்குள்ள பூந்தா மாரி கீது" என்கிறான்.

———————

இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது உனக்கு மட்டும். உம்மாவுக்குப் படிக்காதே.

நான் ரேஸ் ஓட்டப் போகிறேன். சோழவரத்தில் யுத்த காலத்து விமானத் திடல் ஒன்று சும்மா கிடக்கிறது. அங்கே கார் பந்தயம் நடத்துகிறார்கள். முதலாளிக்கு அதில் பைத்தியம். ஆனால் அவர் ஓட்டினால் பட்டினி கிடப்பேன் என்று அவர் பெண்சாதி சத்தியம் செய்திருக்கிறார். "ஹனீப்பு, நீ ஓட்டு. நான் ஒக்காந்து கத்துறேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குத் தனிச் சம்பளம்.

புதுக் கார் என்று நினைக்காதே. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் அதே கறுப்புக் கார்தான். சனிக்கிழமை பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்து, விளக்குக் கண்ணாடிமேல் காகிதம் ஒட்டி, கதவில் பதினேழு என்று எழுதினால் ரேஸ் கார். திங்கட்கிழமை சீட்டை மாட்டினால் மறுபடி பள்ளிக்கூடக் கார். போன வாரம் பழகப் போய் வந்தபோது துளசி எண்ணை அழிக்க மறந்துவிட்டான். பிள்ளைகள் பதினேழோடு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறங்கியதிலிருந்து அவர்கள் கால் தரையில் பாவவில்லை.

வாப்பா முகத்துவாரத்தில் படகோடு மூழ்கிப் போனதிலிருந்து உம்மா ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் படுப்பதில்லை. ஆகையால்தான் இந்தக் கோடு. புரிந்துகொள்.

ஹனீப்


பழவேற்காடு
23-8-1956

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு, சாலிஹா எழுதிக்கொள்வது. வ அலைக்குமுஸ்ஸலாம். உம்மாவும் நானும் சுகம். என் இருமல் விட்டுவிட்டது. உம்மாவின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வராவிட்டாலும் வலிக்கிறது.

உம்மா சொல்வது: வயிறு நிறையச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, அந்தத் துளசிராமன் என்கிற பிள்ளைக்கும் என் துஆவைச் சொல்.

———————

நானும் கோடு போட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கோடு வரைக்கும் படித்துவிட்டு, "இப்படிக்கு ஹனீப்" என்று சேர்த்துக்கொண்டேன். உம்மா, "இம்மாந்தானா? காயிதம் பூரா எழுதிக் கீறானே" என்றார்கள். "எழுத்து பெருசு உம்மா" என்றேன். என் காது சுட்டது. உம்மா கவனிக்கவில்லை.

பெரிய மனுஷியாகிப் பள்ளியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. கமால் மாமா வீட்டுக்கு, பீவி ஜான் மாமியைப் பார்க்கக்கூட இருட்டிய பிறகுதான் போகிறேன். எனக்குத் தெரிந்த தூரம் பொன்னேரி வரைக்கும்தான். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டுப் புளியங்கொட்டைகளை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுக்குப் பதினேழு என்று பெயர் வைத்தேன். அதுதான் எப்போதும் ஜெயிக்கிறது. தள்ளுவது நான்தானே.

இன்று வியாழக்கிழமை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா இந்தக் கடிதத்தைச் சாம்பிராணிப் புகையில் காட்டி, ஓதி ஊதுவார்கள். கோட்டுக்குக் கீழே எழுதியதன் மேலும் அந்தத் துஆ விழும். அது சரியா, அண்ணே?

உங்கள் தங்கை,
சாலிஹா


புரசைவாக்கம்
2-10-1956

அன்புத் தங்கைக்கு, ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். உம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். கமால் மாமா கருவாட்டு மூட்டையோடு கொத்தவால்சாவடி வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

———————

இரண்டாவதாக வந்தேன், சாலிஹா! கோப்பையை முதலாளி அவர் வீட்டு ரேடியோமேல் வைத்திருக்கிறார். ஓட்டியதே அவர்தான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

வளைவுகளில் எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி வைக்கிறார்கள். கடைசி வளைவில், பீப்பாய்களுக்குப் பின்னால், துளசி ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இன்னும் எத்தனை சுற்று என்று சாக்கட்டியால் எழுதிக் காட்டுவது அவன் வேலை. நடுவில் ஒரு சுற்றில் "இட்லி" என்று எழுதிக் காட்டினான். சிரித்துக் கியரைத் தவறவிட்டேன். இறங்கியதும் அடிக்கப் போனால், "இன்னா பாய், மூஞ்ச உர்ர்னு வெச்சிக்கினு ஓட்னா காரு பயந்துக்காது?" என்கிறான்.

எனக்கு முன்னால் போன கார் ஒன்று கவிழ்ந்தது. ஓட்டியவர் ஜன்னல் வழியாக வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது என் இடது கையால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. பசி மயக்கமாக இருக்கும்.

ஹனீப்


பழவேற்காடு
18-10-1956

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு, ஸலாம். தைலம் வந்து சேர்ந்தது. உம்மா அதை முழங்காலில் தேய்க்காமல் முகர்ந்து பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். இனி மழைக்காலம், நனையாதே, தலையைத் துவட்டு என்று எழுதச் சொன்னார்கள்.

———————

கமால் மாமாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சென்னையில் யாரோ சொன்னார்களாம். "அக்காகிட்ட மூச்சு வுட மாட்டேன். ஆனா ரேஸுக்கு என்னிய இட்டுக்கினு போவலன்னா வுட்ருவேன்" என்று என்னிடம் பேரம் பேசுகிறார். நானா அழைத்துப்போக முடியும்?

அண்ணே, ஒன்று கேட்டால் கோபப்படக் கூடாது. முதலாளி வீட்டுப் பெண்கள் காரில் திரை போட்டுக்கொண்டு பார்ப்பார்கள் என்று மாமா சொன்னார். மாமியோடு நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஒரே ஒரு தரம் பார்க்க முடியுமா? ஒரு சத்தமும் போட மாட்டேன். பதினேழு எப்படிப் போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். முடியாது என்றால் இந்த வரிகளை நான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சாலிஹா


புரசைவாக்கம்
3-12-1956

அன்புத் தங்கை சாலிஹாவுக்கு, ஸலாம். புயல் மழையில் கூரை தாங்கியதா? இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

இந்தக் கடிதத்தில் கோடு போடவில்லை. முதலிலிருந்து கடைசி வரைக்கும் உம்மாவுக்குப் படி.

உம்மா, நான் இங்கே டிரைவர் வேலையோடு கார் பந்தயமும் ஓட்டுகிறேன். உங்களிடம் மறைத்தேன். இப்போது பயமாக இருக்கிறது. ஓட்டும்போது ஒன்றும் இல்லை. இறங்கிய பிறகு கியர் போடும் இடது கை நடுங்கிக்கொண்டிருந்தது. போன முறை பழகும்போது, உட்கார்ந்து கதவைச் சாத்தியதுமே நடுங்க ஆரம்பித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. துளசியிடம்கூட.

ஜனவரி இருபதாம் தேதி பெரிய ரேஸ். நானாக மாட்டேன் என்றால் பயந்துவிட்டான் என்பார்கள். அதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் "உம்மா கூப்பிட்டார்கள்" என்றால் முதலாளி மறு பேச்சுப் பேச மாட்டார். அவரும் தம் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். கவரைப்பேட்டை மில்லில் என்னோடு வேலை பார்த்த அரசப்பன் ஓட்டிய லாரி ஆள் இல்லாமல் நிற்கிறதாம். "வா" என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். மறுநாளே வந்துவிடுகிறேன்.

சாலிஹா, ஜனவரி ரேஸுக்கு உன்னையும் மாமியையும் அழைத்துப்போக முதலாளி வீட்டம்மாவிடம் சம்மதம் வாங்கியிருந்தேன். அது நடக்காமல் போகும். வருத்தப்படாதே.

ஹனீப்


பழவேற்காடு
10-12-1956

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு, ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. உம்மா சொல்லச் சொன்னது: ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டு வருவது அழகில்லை. ஜனவரி ரேஸை ஓட்டி முடி. பிறகு பார்த்துக்கொள்ளலாம். அல்லாஹ் துணையிருப்பான்.

வேறு விசேஷம் இல்லை.

சாலிஹா


புரசைவாக்கம்
19-12-1956

அன்புத் தங்கைக்கு, ஸலாம். கடிதம் கிடைத்தது. தபால் மழையில் நனைந்து வந்ததோ என்னவோ, இந்தத் தடவை வாசம் ஒன்றும் இல்லை.

உம்மா சொன்னபடியே ஆகட்டும். இருபதாம் தேதி காலையில் மாமாவோடும் மாமியோடும் பஸ்ஸில் சோழவரம் வந்து இறங்கு. முதலாளி வீட்டுப் பெண்களின் கார் வேப்பமரத்தடியில் நிற்கும்.

ஹனீப்


பழவேற்காடு
31-1-1957

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு, ஸலாம். உம்மா சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

உம்மா சொல்வது: ஏன் கடிதமே இல்லை? பொங்கலுக்கு முதலாளி வீட்டில் துணி எடுத்துக் கொடுத்தார்களா?

———————

உம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. செங்குன்றத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்ததாக மாமி சொல்லிவிட்டார்.

அன்று நான் பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை. ஆறு தரம் பதினேழு எங்கள் முன்னால் போனது. ஒவ்வொரு தரமும் துளசி பலகையை மேலும் கீழும் ஆட்டிக் குதிப்பார். அவர் சட்டை காற்றில் உப்பிக்கொள்ளும். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் "பதினேழு! பதினேழு!" என்று கத்தினார்கள். சத்தம் போட மாட்டேன் என்று சொன்ன நானும் கத்தினேன். ஏழாவது தரம் கார் அந்த வளைவில் இரண்டு சுற்றுச் சுழன்றது. நான் அதையும் ஒரு வித்தை என்று நினைத்துக் கைதட்டினேன். பீப்பாய்கள் உருண்ட பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தேன். மாமிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பலகை மட்டும் தூரத்தில் கிடந்தது.

உங்கள் மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா என்று மாமா கேட்கச் சொன்னார். துளசி எப்படி இருக்கிறார்? எழுதுங்கள். இரண்டு கார்டு போட்டும் பதில் இல்லை.

டிசம்பரில் நான் எழுதிய கடிதத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று

(மை தீர்ந்துவிட்டது. பென்சிலால் முடிக்கிறேன்.)

சாலிஹா


புரசைவாக்கம்
22-2-1957

சாலிஹாவுக்கு, ஸலாம்.

நான் சுகம். மணிக்கட்டு சரியாகிவிட்டது.

துளசிக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தாலும் அந்தக் கால் சற்றுக் குட்டையாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் பொதட்டூர்பேட்டை. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் ஒருவர் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார். இப்போது ஷெட்டில்தான் படுத்திருக்கிறான். குளிப்பாட்டுவது, மற்றதெல்லாம் நான் செய்கிறேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்டது, "எத்தினியாவதா வந்தோம் பாய்?"

வளைவுக்கு முன்னால் கை நடுங்கியது. கியர் விழவில்லை. பீப்பாய் அவன்மேல் போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

நீ எழுத வந்து நிறுத்தியது எனக்குத் தெரியும். அந்த டிசம்பர்க் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்தது. மழையில் நனையவில்லை. உம்மா புகை காட்டாமல், ஊதாமல் ஒரு கடிதம் நம் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. துளசிகூட முகர்ந்துவிட்டு, "இன்னா பாய், இன்னிக்குக் கோயிலு பூட்டிக் கீது" என்றான். உம்மாவிடம் நீ படிக்கவில்லை. ரேஸ் பார்க்கும் ஆசையில் நீயே எழுதினாய். தெரிந்தும் நான் மறுபடி எழுதிக் கேட்கவில்லை. "ஓட்டு" என்று யாராவது சொன்னால் போதும் என்று எனக்குள்ளும் ஒருவன் காத்துக்கொண்டிருந்தான். கோப்பை கிடைத்த அன்று கேட்ட கைதட்டலை அவன் மறக்கவில்லை.

உன்னை நான் திட்டப் போவதில்லை. மன்னிக்கலாம் என்று பார்த்தால், அதற்கு எனக்கு உரிமை இல்லை. முறிந்தது என் கால் இல்லை.

காரை நெளிவெடுத்துச் சாயம் அடித்துவிட்டார்கள். ஏப்ரலில் இன்னொரு ரேஸ். முதலாளி ஓட்டச் சொல்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. ஊருக்கு வந்து உம்மா முகத்தைப் பார்க்க எனக்கு முடியாது. எங்கேயாவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும், அந்தக் காரிலேயே உட்காரலாம் என்று தோன்றுகிறது.

கோடு போட வேண்டிய கடிதம் இது. போடவில்லை. உன் இஷ்டம்.

ஹனீப்


பழவேற்காடு
14-3-1957

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு, தங்கை சாலிஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல்நலத்துக்கும் துளசி அண்ணனின் உடல்நலத்துக்கும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் சுகமாக இல்லை. இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தை நாலு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். பிறகு ஆகஸ்டு மாதத்திலிருந்து வந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உம்மா முன்னால் உட்கார்ந்து, கோட்டுக்கு மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் படித்தேன். உங்கள் டிசம்பர் கடிதம் வந்தபோது நிறுத்திவிட்டேன். உம்மா, "படி" என்றார்கள். "வா என்று ஒரு வார்த்தை" என்ற இடத்தில், "இன்னொரு தபா" என்றார்கள். படித்தேன். "இன்னொரு தபா." அதையும் படித்தேன்.

பிறகு, "அந்தக் கோட்டக் காட்டு" என்றார்கள். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்கள். "இதானா? ஒவ்வொரு காயிதத்துலயும் பாப்பேன். எம்புள்ள அழகுக்குப் போட்டுக் கீறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்கள்.

நீங்கள் கோடு போடாத கடிதத்தில் அதைப் போட்டது நான். அழுதுகொண்டே சொன்னேன். உம்மா அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நான் கூப்புட மாட்டேன்னு நீ எப்டிடி முடிவு கட்னே?" என்று மட்டும் கேட்டார்கள். உம்மா என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், அண்ணே. தெரிந்ததால்தான் படிக்கவில்லை. அதை உம்மாவிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்கள்.

இன்று மத்தியானம் காகிதத்தை எடுக்கச் சொன்னார்கள். இனி வருவது உம்மா சொன்னது. சொன்னபடியே எழுதுகிறேன்.

"வாப்பா ஹனீப்பு. நோம்பு வரப்போவுது. தல நோம்புக்கு முன்னாடி வந்து சேரு. மூஞ்ச எப்டிக் காட்றதுன்னு யோசிக்காத, நான் பெத்த மூஞ்சிதான், நான் பாத்துக்கிறேன். மொதலாளிகிட்ட உம்மா கூப்ட்டாங்கன்னு சொல்லு. அந்தக் கார ஒரு நாளைக்குக் கேளு. கழட்டி வெச்சியே பின் சீட்டு, அத்த மாட்டு. அதும்மேல அந்தப் புள்ள தொளசிராமன மெத்துன்னு படுக்க வெச்சி மெதுவா ஓட்டிக்கினு வா. அவனுக்கு அம்மா இல்லன்னியே, இங்க ஒரு ஊடு கீது. கால் ஊனி நடக்குற வரிக்கும் நானும் இவளும் பாத்துக்கிறோம். இவதான் பாக்கணும். காரத் திருப்பி வுட்டதோட செரி. அப்பால நீ அத்தத் தொடக் கூடாது. கை நடுங்குச்சின்னா நடுங்கட்டும். இங்க வந்து நடுங்கட்டும்."

இவ்வளவுதான் உம்மா சொன்னது. இனி என்னுடையது ஒரே ஒரு வார்த்தை. துளசி அண்ணனிடம் நான் கைதட்டியதைச் சொல்லாதீர்கள். வந்த பிறகு நானே சொல்கிறேன். பழவேற்காட்டில் யார் முன்னாலும் வராதவள் அவர் முன்னால் எப்படி வருவேன், எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. ஆனால் சொல்வேன்.

நான் எழுதியதை நான் படித்துக் காட்டினால் உம்மா இனி நம்புவதில்லை. கமால் மாமாவைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் புகை காட்டுவார்கள். அடுப்பில் கங்கு எடுத்தாகிவிட்டது. மாமா வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். கொடுக்கிறேன்.

சாலிஹா